வெள்ளைப் பந்தை நேராக அனுப்புவது எப்படி

ஆறு வருடம் பூல் ஆடிய பிறகுதான் எனக்கு நேராக அடிக்கத் தெரியாது என்பது தெரியவந்தது. அதுவரை என் குறை குறி பார்ப்பதில்தான் என்று நினைத்திருந்தேன். பூலில் க்யூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது போய் இடிக்கும் கலர் பந்தைப் பாக்கெட் எனும் குழியில் விழவைக்க வேண்டும். பந்து பாக்கெட் விளிம்பில் இடித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்சம் சன்னமாகப் பார்த்திருக்கணும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சன்னம் என்றால் வெள்ளை கலர் பந்தின் ஓரத்தில் படுவது, கெட்டி என்றால் நிறையப் படுவது. அடுத்த முறை சன்னமாகப் பார்ப்பேன், பந்து அந்தப் பக்கம் போய் இடிக்கும். டேபிள் சாய்வாக இருக்கிறது, துணி தேய்ந்துவிட்டது, க்யூ வளைந்திருக்கிறது என்று ஒரு பட்டியலே கைவசம் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

கூட ஆடும் அண்ணன் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், ஒருநாள் கலர் பந்துகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் டேபிளில் வைத்தார். "எதையும் போட வேண்டாம் தம்பி. நேரா எதிர் குஷனுக்கு அனுப்பு. அது திரும்பி வந்து உன் டிப்பிலேயே முட்டணும்." குஷன் என்பது டேபிளின் ரப்பர் விளிம்பு, டிப் என்பது க்யூவின் முன்நுனி. இவ்வளவுதானா என்று அடித்தேன். திரும்பி வந்த வெள்ளை என் க்யூவுக்கு ஒரு சாண் வலப்பக்கமாகக் கடந்து போனது. பத்து முறை அடித்தேன். எட்டு முறை அதே வலப்பக்கம். அவருக்குச் சிரிப்பு. "ஒரே மாதிரி தப்பு பண்றே, நல்லதுதான். மாத்தி மாத்தி பண்ணியிருந்தாதான் கஷ்டம்."

நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள். டேபிளின் இந்த முனையில் பிரேக் எனும் முதல் அடியை அடிக்கும் இடத்தில், அகலத்தின் சரி நடுவில் வெள்ளையை வையுங்கள். எதிரே உள்ள குட்டை ரெயிலின் (குஷன் பொருத்திய சட்டத்தின்) நடு டயமண்டை, அதாவது அதில் பதித்திருக்கும் அடையாளப் புள்ளியைப் பார்த்து, பந்தின் நட்ட நடுவில் அடியுங்கள். போய்த் திரும்பி வரும் அளவு வேகம் போதும். அடித்த பிறகு க்யூவை அசைக்காமல் அங்கேயே வைத்திருங்கள். வெள்ளை திரும்பி வந்து டிப்பில் முட்டினால் நேராகப் போயிருக்கிறது. எப்போதும் வலப்பக்கமே வந்தால் உங்களை அறியாமல் பந்தின் வலப்பக்கத்தைத் தொடுகிறீர்கள்; அந்தச் சுழற்சி குஷனில் பட்டதும் பந்தை வலதுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. இடப்பக்கம் வந்தால் அதற்கு நேர்மாறு. மாறி மாறி வந்தால் பிடியோ நிற்பதோ இன்னும் நிலைப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. வெள்ளையிலிருந்து கலர் பந்து 1 மீட்டர், அங்கிருந்து கார்னர் பாக்கெட் இன்னொரு மீட்டர், எல்லாம் ஒரே நேர்கோட்டில் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு விலகிப் போனால், கலர் பந்தைத் தொடும் இடத்தில் அது 1.75 மி.மீ. தள்ளியிருக்கும். அதனால் கலர் பந்து ஒன்றே முக்கால் டிகிரி திரும்பிவிடும். பாக்கெட்டை அடையும்போது 3 செ.மீ. விலகல். போட்டி டேபிளில் கார்னர் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய 11.5 செ.மீ. பந்து நடுவில் போனாலே இருபக்கமும் மிஞ்சுவது 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது பத்தில் ஒரு டிகிரி பிசகினால் பந்து விளிம்பில் இடித்தாயிற்று. க்யூவைப் பிடித்திருக்கும் பின்கை, க்யூவைத் தாங்கும் முன்கையான பிரிட்ஜிலிருந்து 85 செ.மீ. பின்னால் இருந்தால், அந்தப் பத்தில் ஒரு டிகிரி என்பது பின்கை ஒன்றரை மி.மீ. நகர்வது. நான் எவ்வளவு நகர்த்திக்கொண்டிருந்தேன் என்று செல்போனில் பார்த்தபோதுதான் வெட்கமாகப் போனது.

செல்போனை எதிர் ரெயிலில், க்யூவுக்கு நேராகச் சாய்த்து வைத்து என்னை நானே வீடியோ எடுத்தேன். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும் வெள்ளோட்டமெல்லாம் அழகாக, நூல் பிடித்தது போல இருந்தது. உண்மையான அடியின் போது மட்டும் என் விரல்கள் க்யூவை இறுக்கின, மணிக்கட்டு உடம்பை நோக்கி மடங்கியது, க்யூவின் பின்முனை விலாவைப் பார்த்து வந்தது. பின்முனை இடதுக்கு வந்தால் முன்முனை வலதுக்குத்தானே போகும்? ஆறு வருடத்து மர்மம் அந்த ஆறு நொடி வீடியோவில் இருந்தது.

பிடி

க்யூவை நான்கு விரலாலும் உள்ளங்கையாலும் அமுக்கிப் பிடிப்பவர்தான் அதிகம். ஆட்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல் மூன்றும் க்யூவைத் தாங்கினால் போதும். மற்ற இரண்டு விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். கட்டைவிரல் தரையைப் பார்த்து நேராகத் தொங்க வேண்டும். கைக்கும் க்யூவுக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கலாம். சோதிக்க ஒரு வழி: அடிக்கத் தயாராகக் குனிந்திருக்கும்போது நண்பரைப் பின்னால் நின்று இரண்டு விரலால் க்யூவை இழுக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பிடித்து வைத்திருந்தீர்களானால் அடிக்கும்போது இன்னும் இறுக்குவீர்கள்.

இறுக்கம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான். பந்து போய்ச் சேருமா என்ற பயம். ஆனால் க்யூவின் எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பந்தோ 170 கிராமைத் தாண்டாது. க்யூ தன் எடையிலேயே பந்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நாம் கூடுதலாகக் கொடுக்கும் கடைசி நேர உந்தல் வேகத்தைவிடக் கோணலைத்தான் கூட்டுகிறது.

எந்த இடத்தில் பிடிப்பது? இதற்கு அளவுகோல் தேவையில்லை. டிப் வெள்ளையைத் தொடும் நொடியில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை செங்குத்தாகத் தொங்க வேண்டும், அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். நான் ஏழெட்டு சென்டிமீட்டர் பின்தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னால் கொண்டுவந்த முதல் நாள் க்யூ அன்னியமாக இருந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது.

தோளும் மேற்கையும் அசையக் கூடாது. முழங்கைக்குக் கீழே மட்டும் கடிகாரப் பெண்டுலம் போல ஆட வேண்டும். பந்து போன பிறகு முழங்கை கொஞ்சம் இறங்கினால் குற்றமில்லை, நல்ல ஆட்டக்காரர்கள் பலருக்கே இறங்கும். தொடுவதற்கு முன்னால் இறங்கினால்தான் டிப் நினைத்த உயரத்தில் படாது.

நிற்பதும் குனிவதும்

பெரும்பாலானோர் டேபிளுக்குப் பக்கத்தில் போய், குனிந்து, அப்புறம் க்யூவை இப்படியும் அப்படியும் நகர்த்திக் குறி பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். குறி பார்ப்பது நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். வெள்ளைக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, வெள்ளை போக வேண்டிய பாதையை ஒரு கோடாகத் தரையில் நீட்டிப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால் வலது காலை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். இடது காலைத் தோளகலத்துக்கு முன்னால், பக்கவாட்டில். பிறகு முகத்தைக் கோட்டிலிருந்து விலக்காமல் நேரே கீழே இறங்குங்கள். பக்கத்திலிருந்து சாய்ந்து நுழைந்தால் தலை கோட்டைத் தாண்டிப் போய், மறுபடி சரிசெய்து, அங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

குனிந்த பிறகு "இது சரியில்லையோ" என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். குனிந்தபடியே இடுப்பை நெளித்துச் சரிசெய்யாதீர்கள். எழுந்திருக்கக் கூச்சமாகத்தான் இருக்கும், எதிராளி காத்திருப்பார். இருக்கட்டும்.

முன்கை, அதாவது பிரிட்ஜ். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கை மேட்டைத் துணியில் அழுத்தி, கட்டைவிரலை ஆட்காட்டி விரலின் அடியோடு ஒட்டி மேலே தூக்கினால் ஒரு பள்ளம் கிடைக்கும். அதில் க்யூ ஓடும். ஆட்காட்டி விரலை வளைத்து க்யூவைச் சுற்றிக்கொள்ளும் மூடிய பிரிட்ஜ் பார்க்க அழகு. பலமாக அடிக்கும்போது க்யூ துள்ளாமல் காக்கும். மற்றபடி திறந்த பிரிட்ஜே போதும், குறியும் மறைக்காது. பிரிட்ஜுக்கும் வெள்ளைக்கும் இடையே 20 முதல் 25 செ.மீ. மெதுவாக அடிக்கும் ஷாட்டுக்கு 15 ஆகக் குறைக்கலாம். என் இன்னொரு குற்றம் இங்கே இருந்தது: அடித்த மறுகணமே முன்கையைத் துணியிலிருந்து எடுத்துவிடுவேன். பந்து விழுந்ததா என்று பார்க்கும் அவசரம். டிப்பும் பந்தும் தொட்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்கு அப்புறம் கையை எடுத்தால் என்ன என்று வாதாடினேன். அப்புறம் எடுப்பதாக நாம் நினைக்கிறோம், வீடியோவில் முன்னாலேயே எடுத்திருக்கும். பந்து பாக்கெட்டில் விழும் சத்தம் கேட்கும்வரை அசையாதீர்கள்.

கண்

இரண்டு கண்ணில் ஒன்றைத்தான் மூளை குறி பார்க்க அதிகம் நம்பும். எது என்று தெரிந்துகொள்ள, இரு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே ஒரு சிறு ஓட்டை செய்து, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியே பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் அப்படியே தெரிந்தால் திறந்திருக்கும் கண்தான் உங்கள் கண். எனக்கு இடது. வலக்கையால் ஆடுகிறவன், க்யூவைத் தாடையின் நடுவில் வைத்துக்கொண்டு பார்த்ததில் நேர்கோடே எனக்குக் கோணலாகத்தான் தெரிந்திருக்கிறது.

அதற்காக க்யூவை அப்படியே அந்தக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும் என்றில்லை. ஆளுக்கு ஆள் இடம் வேறு. வெள்ளை, கலர் பந்து, பாக்கெட் மூன்றையும் அப்பழுக்கில்லாத நேர்கோட்டில் வையுங்கள். குனிந்து, தலையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் மூன்றும் க்யூவும் ஒரே கோடாகத் தெரியும். அந்த இடத்தில் க்யூ தாடையில் எங்கே தொடுகிறது என்று விரலால் தொட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தாடை நடுவிலிருந்து ஒரு விரற்கடை இடப்பக்கம்.

கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. குனிந்ததும் பார்வை லென்ஸின் மேல் விளிம்புக்குப் போய்விடும். ஃபிரேம் குறுக்கே வரும், அதற்கு மேலே பார்த்தால் மங்கல். அதைத் தவிர்க்கத் தலையைத் தூக்கித் தூக்கி என் கழுத்து போனதுதான் மிச்சம். 1985 உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டியில் ஸ்டீவ் டேவிஸைக் கடைசிக் கறுப்புப் பந்தில் வென்ற டென்னிஸ் டெய்லரின் படத்தைப் பாருங்கள், தலைகீழாக மாட்டியது போல ஒரு பெரிய கண்ணாடி, லென்ஸ் புருவத்தையும் தாண்டி மேலே இருக்கும். வேடிக்கைக்காக அல்ல, இதே தொல்லைக்காகத்தான். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உயரமான லென்ஸ் உள்ள ஒரு பழைய ஃபிரேமை எடுத்து, மூக்குத் தாங்கியைக் கொஞ்சம் வளைத்துக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டேன். போதுமானதாக இருக்கிறது.

குறி

இனிக் குறி. எல்லோரும் சொல்லிக்கொடுப்பது கோஸ்ட் பால் முறை. கலர் பந்து பாக்கெட்டுக்குப் போக வேண்டுமானால், பாக்கெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். வெள்ளை போய் அந்தக் கற்பனைப் பந்தின் இடத்தில் உட்கார வேண்டும். கற்பனைப் பந்தின் மையம் கலர் பந்தின் மையத்திலிருந்து சரியாக ஒரு பந்தின் விட்டம், அதாவது 57 மி.மீ. தள்ளி இருக்கும்.

எல்லோரும் தவறுவதும் இங்கேதான். பந்துகள் தொடும் புள்ளியைப் பார்த்து க்யூவை நீட்டிவிடுவார்கள். வெள்ளை ஒரு புள்ளி அல்ல, அதற்கும் உடம்பு இருக்கிறது. மையம் அந்தப் புள்ளியை நோக்கிப் போனால், புள்ளியை அடையும் முன்பே வெள்ளையின் வயிறு கலர் பந்தில் வேறிடத்தில் இடித்துவிடும். ஷாட் கெட்டியாகப் பட்டுப் பந்து பாக்கெட்டுக்கு இந்தப் பக்கமே போகும். நேர் ஷாட்டில் இந்தத் தவறு தெரியாது. கோணம் கூடக் கூடத் தெரியும்.

கற்பனை கைவராவிட்டால் நிஜப் பந்தையே வையுங்கள். கலர் பந்தை ஒட்டி, பாக்கெட்டுக்கு நேராக இன்னொரு பந்து. இப்போது வெள்ளைக்குப் பின்னால் போய் நின்று அந்த இரண்டாவது பந்தின் நடுவைப் பாருங்கள், பிறகு குனியுங்கள், நண்பரிடம் அந்தப் பந்தை எடுத்துவிடச் சொல்லி உடனே அடியுங்கள். தனியாகப் பழகுகிறவர்கள், துளை போட்ட தாள் கிழியாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்தக் குட்டி வட்ட ஸ்டிக்கரை அந்த இடத்தில் துணியில் ஒட்டலாம். டேபிள் உங்களுடையது இல்லை என்றால் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

இதோடு மூன்று படங்களைக் கண்ணில் பதித்துக்கொள்வது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. வெள்ளையின் மையத்தைக் கலர் பந்தின் விளிம்புக்கு நேராக வைத்தால் பாதிப் பந்து மறையும், அது 30 டிகிரி கட், அதாவது கலர் பந்து வெள்ளை வந்த பாதையிலிருந்து 30 டிகிரி திரும்பிப் போகும். முக்கால் பந்து மறைந்தால் ஏறத்தாழ 15 டிகிரி. கால் பந்து என்றால் 49 டிகிரிக்குப் பக்கம். பாதிப் பந்து படம்தான் ராஜா. விளிம்பு என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடம், ஊகிக்க வேண்டியதில்லை. எந்த ஷாட் வந்தாலும் முதலில் "பாதியைவிடக் கெட்டியா, சன்னமா?" என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை சரியாக இருந்தும் குறி ஏமாற்றும். கோணத்தில் அடிக்கும்போது வெள்ளை கலர் பந்தின் மேல் உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசல் கலர் பந்தை வெள்ளை போகும் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். இதை த்ரோ என்பார்கள். மெதுவான ஷாட்டில், அதுவும் வெள்ளை உருளாமல் வழுக்கியபடி போய்ப் படும்போது இது அதிகம். மோசமான நிலையில் 5 டிகிரி வரை போகும். ஓரடி தூரத்துக்கு ஓர் அங்குலம்! அழுக்குப் பந்துகளில் இன்னும் தெளிவாகத் தெரியும். எனவே மென்மையாக அடிக்கும் பாதிப் பந்து ஷாட்டுகளை ஒரு மயிரிழை சன்னமாகப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன் பந்துகளை ஒரு துணியால் துடைத்துவிடுவதும் நல்லது.

சைடு ஸ்பின் கேட்டு நிறைய பேர் வருவார்கள். வெள்ளை டிப்புக்குத் திரும்பி வரும்வரை தொடாதீர்கள் என்பதுதான் என் பதில். பக்கவாட்டில் அடித்தால் வெள்ளை எதிர்ப்பக்கம் சற்று விலகிக் கிளம்பும், வழியில் வளைந்தும் வரும், பட்டதும் த்ரோவையும் மாற்றும். ஒரு குறியில் மூன்று திருத்தம். கோரியோலிஸ் விசை என்று பள்ளியில் படித்தோமே, அந்த கோரியோலிஸ் 1835ல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் சுழற்சிக்கென்றே ஒரு தனிக் கணித நூல் எழுதியிருக்கிறார். அவருக்கே ஒரு நூல் தேவைப்பட்டது, நமக்கு அவசரமில்லை.

பழகும் விதம்

கோடு போட்ட பந்து ஒன்றை எடுங்கள், 9 முதல் 15 வரை எதுவானாலும் சரி. அதை வெள்ளைக்குப் பதிலாக வைத்து, கோடு செங்குத்தாக, நீங்கள் அடிக்கும் திசையிலேயே இருக்கும்படி திருப்பி வையுங்கள். நடுவில் அடித்தால் கோடு சைக்கிள் சக்கரம் போல ஆடாமல் உருண்டு போகும். ஒரு மி.மீ. பக்கவாட்டில் பட்டாலும் கோடு தள்ளாடும். அண்ணனுக்கு அடுத்து எனக்குக் கிடைத்த கறாரான ஆசான் அந்தப் பந்துதான். அவராவது சில நேரம் விட்டுக்கொடுப்பார்.

அடுத்தது ஸ்டாப் ஷாட். வெள்ளை, கலர் பந்து, பாக்கெட் நேர்கோட்டில். கலர் பந்து விழ வேண்டும், வெள்ளை பட்ட இடத்திலேயே செத்துப் போய் நிற்க வேண்டும். முதலில் இரண்டுக்கும் இடையே ஓரடி, பிறகு இரண்டடி, பிறகு மூன்றடிக்கும் கொஞ்சம் மேல். நிற்பதற்குக் காரணம், படும் நொடியில் வெள்ளையில் முன்சுழற்சியோ பின்சுழற்சியோ இல்லாமல் இருப்பது. ஆனால் வழியெல்லாம் துணி உரசி உரசிப் பந்தை முன்னோக்கி உருள வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் தூரம் கூடக் கூட மையத்துக்குக் கீழே அடித்து, கொஞ்சம் பின்சுழற்சியோடு அனுப்ப வேண்டும். போய்ச் சேரும்போது அது தீர்ந்திருக்கும். எவ்வளவு கீழே என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லை மட்டும் சொல்லலாம்: மையத்திலிருந்து 14 மி.மீ., அதாவது ஆரத்தில் பாதி தாண்டினால் டிப் வழுக்கிவிடும்.

இந்த ஷாட்டில் வெள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தாலே உங்கள் கை என்ன செய்தது என்று படித்துவிடலாம். முன்னால் நகர்ந்தால் போதிய அளவு கீழே படவில்லை, அல்லது வேகம் குறைவு. பக்கவாட்டில் ஊர்ந்தால் நேராகப் படவில்லை. நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுற்றினால் டிப் பக்கவாட்டில் தொட்டிருக்கிறது. அப்போது கலர் பந்து விழுந்திருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிர்ஷ்டத்துக்கு விழுந்த பந்தைச் சேர்த்துக்கொண்டுதான் நான் ஆறு வருடம் ஓட்டினேன்.

பாதிப் பந்து கட்டை இரண்டு பக்கமும் இருபது இருபது. அதில் கலர் பந்தோடு வெள்ளையின் வழியையும் கவனியுங்கள். வழுக்கியபடி போய்ப் பட்டால் இரண்டு பந்தும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் பிரியும். உருண்டு போய்ப் பட்டால், கால் பந்துக்கும் முக்கால் பந்துக்கும் இடையே எங்கே பட்டாலும், வெள்ளை தன் பழைய பாதையிலிருந்து சுமார் 30 டிகிரிதான் திரும்பும். இது தெரிந்தால் வெள்ளை பாக்கெட்டில் விழுவது பாதி குறையும்.

வேகத்தைக் குறையுங்கள். வேகமாக வரும் பந்துக்குப் பாக்கெட் தன் வாயைச் சுருக்கிக்கொள்ளும். மெதுவாக விளிம்பைத் தொட்ட பந்து உள்ளே உருண்டுவிடும், அதே பந்து வேகமாக வந்தால் தெறித்துவிடும். குஷனை ஒட்டி ஓடும் பந்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்னுக்கு இழுக்கும்போது மெதுவாக இழுத்து, கடைசியில் ஒரு நொடிக்கும் குறைவாக நிறுத்தி, பிறகு முன்னால் விடுங்கள். வெள்ளோட்டம் மூன்றே மூன்று. அதுவரை கண் வெள்ளைக்கும் கலர் பந்துக்கும் போய் வரலாம், நிறுத்தத்தில் கலர் பந்துக்குப் போய் அங்கேயே இருக்கட்டும்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிப் தட்டையாக இருந்தால் லேசாகத் தேய்த்துக் குவிவாக்குங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் டிப்பில் சுண்ணக்கட்டியை (சாக்) திருகாமல் வருடினாற்போலப் பூசுங்கள். வியர்வை பட்ட க்யூவைத் துணியால் துடையுங்கள், வழவழப்பு திரும்பிவிடும். என் வலப்பக்கக் கோளாறுக்கு நான் முதலில் கண்டுபிடித்த மருந்து ஒரு புது க்யூ. அதுவும் வலப்பக்கமே போனது. 9 அடி டேபிள் கிடைக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். அமெரிக்க பூல் ஆட்டக்காரர் வில்லி மாஸ்கோனி 1954ல் தொடர்ச்சியாக 526 பந்து போட்டது 8 அடி டேபிளில்.

நான் ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பழகுவதில்லை. அதற்கு மேல் தோள் களைத்து, பழைய இறுக்கம் திரும்பி வந்துவிடுகிறது. ஸ்டாப் ஷாட் இருபது, கட் நாற்பது, எத்தனை விழுந்தது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன். மூன்றடிக்கு மேல் உள்ள ஸ்டாப் ஷாட் ஆரம்பத்தில் இருபதுக்கு ஆறு. ஐந்து மாதம் கழித்து பதினான்கு, மோசமான நாளில் பதினொன்று. கடைசியாகக் கலர் பந்துகளையெல்லாம் பாக்கெட்டில் தள்ளிவிட்டு வெள்ளையை மட்டும் வைத்து ஐந்து முறை எதிர் குஷனுக்கு அனுப்புவேன். மூன்று முறை டிப்பில் முட்டினால் க்யூவைக் கழற்றிப் பையில் வைப்பேன். முட்டாவிட்டால் இன்னொரு ஐந்து. நேற்று அப்படி நான்கு முறை ஐந்தைந்தாக அடிக்க வேண்டியதாயிற்று, எல்லாம் இப்போது இடப்பக்கம் போகிறது.